சேலம் வழியாக வந்த சயின்ஸ்

பத்தாம் வகுப்பு முடிவு வெளியான மறுநாளிலிருந்து ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஒரே பேச்சுதான். “பையனுக்கு என்ன குரூப்புங்க?” “சயின்ஸுங்க.” கேட்டவர் அத்தோடு விடமாட்டார். “பியூர் சயின்ஸுங்களா, கம்ப்யூட்டர் சயின்ஸுங்களா?” கணக்கை விட்டுவிட்டு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் அது பியூர் சயின்ஸ். கணக்கு கலக்காததால் தூய்மையாம்! நியூட்டன் காதில் விழுந்தால் மனுஷன் நொந்துபோவார்.

லாரிக்கும் கோழிக்கும் பேர்போன இந்தச் சமவெளிக்கு மூன்றாவது தொழிலாக வந்து சேர்ந்தவை விடுதியோடு கூடிய பள்ளிகள். மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாநில ரேங்க், மருத்துவ இடம் என்று ரோடெல்லாம் பேனர் கட்டிய காலம் ஒன்று இருந்தது. 2017இல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு நீட்டும் வந்தது. பேனரில் வாசகம் மாறியது, சயின்ஸ் மாறவில்லை. இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு குரூப், ஒரு ஃபீஸ், ஒரு ஹாஸ்டல், எட்டினால் ஒரு டாக்டர் சீட்டு என்று பொருள்.

அந்தப் பையன் கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையில் ‘அறிவியல்’ என்று போட்டிருக்கும். அவன் தாத்தா படித்த புத்தகத்தில் ‘விஞ்ஞானம்’ என்று இருந்தது. அதற்கும் முந்திய தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ‘சாஸ்திரம்’ என்றார்கள். நூறு ஆண்டுக்குள் ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ்ப் பெயர். இந்த இழுபறியின் முக்கியமான சில கட்டங்கள் சேலம் நகரத்திலேயே நடந்தன என்பது சேலத்துக்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். சயின்ஸ் பிறவியிலேயே ஆங்கிலம் இல்லை. லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதிலிருந்து ‘ஸ்கியென்டியா’, அறிவு. அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அதற்குச் சோதனைக்குழாயும் தெரியாது, வெள்ளை அங்கியும் தெரியாது. எந்த அறிவும் சயின்ஸ்தான். இலக்கணம் சயின்ஸ், தர்க்கம் சயின்ஸ், இசையும் சயின்ஸ். ஸ்கீரேக்கும் பின்னால் போனால் ‘வெட்டு, பிரி’ என்ற பொருளுள்ள வேர் ஒன்று கிடைக்கிறது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் அறிவு என்று ஆதியில் யாரோ நினைத்திருக்கிறார்கள். இதை மறந்துவிட வேண்டாம், பிறகு வேலை இருக்கிறது.

ஸ்கீரே குடும்பத்தில் வேடிக்கையான பங்காளிகள் உண்டு. மனச்சாட்சியைக் குறிக்கும் ‘கான்ஷியன்ஸ்’ அதிலிருந்து வந்தது. ‘நைஸ்’ கூட அங்கிருந்துதான். அறியாதவன், விவரம் கெட்டவன் என்ற பொருளில் தொடங்கி, மெல்ல மெல்ல மெருகேறி, நல்லது என்று ஆகிவிட்டது. ஆக, “சயின்ஸ் நைஸா இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால் லத்தீன் கணக்குப்படி அறிவு அறியாமையாக இருக்கிறது என்று அர்த்தம்.

இயற்கையைச் சோதித்து அறியும் துறைக்கு மட்டும் சயின்ஸ் என்று பெயர் சுருங்கியது மிகவும் பிந்தித்தான். நியூட்டன் தன்னை சயின்டிஸ்ட் என்று சொல்லிக்கொண்டதே இல்லை, சொல்லியிருக்கவும் முடியாது. அந்தச் சொல்லே அப்போது கிடையாது. கேம்பிரிட்ஜில் 1833இல் கூடிய அறிஞர் கூட்டத்தில், களத்தில் இறங்கிக் கல்லையும் பூச்சியையும் ஆராய்கிறவர்களைத் தத்துவஞானி என்று அழைப்பது பொருந்தாது என்று கவிஞர் கோல்ரிட்ஜ் ஆட்சேபித்தார். ஆர்ட்டிஸ்ட் என்பதுபோல சயின்டிஸ்ட் என்று வைக்கலாமே என்றார் வில்லியம் ஹியூவெல். மேரி சோமர்வில்லின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் 1834இல் அது அச்சேறியது. காதுக்கு இனிமையில்லாத கலப்படச் சொல் என்று இங்கிலாந்தில் பலர் வெகுகாலம் அதைத் தொடவே மறுத்தார்கள். கலைச்சொல்லுக்குச் சண்டை போடுவது தமிழனின் தனிப்பழக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அறிதலுக்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘நோ’. அதற்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. சமஸ்கிருத ‘ஜ்ஞா’, கிரேக்க ‘க்னோசிஸ்’, ஆங்கில ‘நோ’ மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘ஞானம்’ ஆங்கிலச் சொல்லுக்குச் சித்தப்பா மகன் முறை. இரண்டு வீட்டிலும் ஒரே விபத்து நடந்திருப்பதுதான் விசேஷம். ஆங்கிலேயர் சுமார் 17ஆம் நூற்றாண்டுவரை முன்னால் நிற்கும் ‘க்’ ஒலியையும் சேர்த்து ‘க்னோ’ என்று உச்சரித்தார்கள். பிறகு ஒலி போயிற்று, எழுத்து மட்டும் நிற்கிறது. தமிழ் இன்னும் கறாராக இருந்தது. சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்பது நமக்கு ஆகாது. அதனால் ஜ் என்பதை உச்சரிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. ஜ்ஞானம் ஞானமாக உள்ளே வந்தது.

இனி சேலம்.

1916. ராஜகோபாலாச்சாரி அப்போது ராஜாஜி ஆகவில்லை. 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில், நல்ல வரும்படி. அடுத்த ஆண்டு நகராட்சித் தலைவராகப் போகிறவர். அவரும் வெங்கடசுப்பையர் என்பவரும் சேர்ந்து சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஐரோப்பிய சாஸ்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்கத் தேவையான பரிபாஷைகளை, அதாவது கலைச்சொற்களைத் திரட்டுவது நோக்கம். சங்கத்துக்கு ஒரு பத்திரிகையும் நடந்தது. தமிழில் சாஸ்திரம் சொல்ல வழி தேடிய அந்தப் பத்திரிகைக்குப் பெயரும் ஆங்கிலம், நடையும் ஆங்கிலம். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைய படித்த கூட்டத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்க வேண்டுமென்றால் அது ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்ற நிலைமையையும் சேர்த்து யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

புதுச்சேரியில் இருந்த பாரதி இந்தச் சேலத்து முயற்சியைக் கவனித்து எழுதினார். பரிபாஷை பற்றி அவருக்குத் திட்டவட்டமான ஒரு கொள்கை இருந்தது. தேசியக் கல்வி பற்றிய கட்டுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். பொருள்களின் பெயருக்கு முதலில் தமிழைத் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள், தவறில்லை. ஆனால் குணம், செயல், நிலை இவற்றுக்கு ஒருநாளும் ஆங்கிலச் சொல் ஆகாது. ஆக்சிஜன் ஆக்சிஜனாகவே வரலாம். அது எரிகிறதா, கரைகிறதா, இறுகுகிறதா என்பதைத் தமிழ்தான் சொல்லவேண்டும். பெயர்ச்சொல் எங்கிருந்து வந்தாலும் வினைச்சொல் வீட்டுச் சொல்லாக இருக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம். தமிழில் கலைச்சொல் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு நடைமுறை அறிவோடு இன்னொன்றை நான் படித்ததில்லை. பின்னால் வந்த குழுக்கள் எல்லாம் பெயர்ச்சொற்களுக்கே மல்லுக்கட்டின. வினையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சங்கத்தின் பெயரிலேயே சயின்ஸுக்கு இணையாகச் ‘சாஸ்திரம்’ இருப்பதைக் கவனிக்க வேண்டும். சமஸ்கிருதத்தில் ‘சாஸ்’ என்றால் கட்டளையிடு, போதி. முன்னோர் இப்படித்தான் என்று விதித்தது சாஸ்திரம். ஸ்கீரே பிரித்துப் பார்க்கச் சொல்கிறது, சாஸ்திரம் சொன்னதைக் கேட்கச் சொல்கிறது. சோதித்துப் பார்த்துத் தவறென்றால் தூக்கிப்போடும் துறைக்கு இந்தச் சட்டை பொருந்தவில்லை. நம் ஊரில் அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் சுவாரசியம். மனையடி சாஸ்திரம், கைரேகை சாஸ்திரம், பல்லி விழுந்தால் பலன் சொல்லும் சாஸ்திரம். அதைவிடக் கீழே இறங்கி, “வேண்டாம்னுட்டாங்க, நான்தான் சாஸ்திரத்துக்கு ஒரு ரூபா வெச்சேன்” என்கிற பேச்சில் அதற்கு ஒப்புக்கு, பேருக்கு என்று மட்டுமே அர்த்தம். ஒரு காலத்தில் சயின்ஸைத் தாங்கிய சொல் இன்று ஒரு ரூபாய் நாணயத்தைத் தாங்குகிறது. மலையாளிகள் மட்டும் அதைக் கைவிடவில்லை. சயின்ஸுக்கு அங்கே இன்றும் சாஸ்திரம்தான். 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அந்தச் சொல்லைக்கொண்டே கிராமம் கிராமமாக சயின்ஸ் பரப்பியது. சொல்லின் வேர்ப்பொருள் அதன் தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே சாட்சி.

ராஜாஜி இந்த வேலையைச் சங்கத்தோடு விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார், ‘தாவரங்களின் இல்லறம்’ எழுதினார். இரண்டாவது தலைப்பைப் பாருங்கள். மகரந்தச் சேர்க்கையை ‘இல்லறம்’ என்று சொல்லும் துணிச்சல் எந்தக் குழுவுக்கும் வராது. பரிபாஷைப் பட்டியல் செய்யாததை ஒரு நல்ல தலைப்பு செய்துவிடுகிறது.

சேலத்துக்கு முன்பே யாழ்ப்பாணம் இதில் இறங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவராக இருந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களும் கொண்டுவந்தார். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. தமிழும் இல்லை, சமஸ்கிருதமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் ஏதோ பழைய வைத்திய நூல்போல ஒலிக்கிறது. 1875இல் வந்த அந்தப் பெயர் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நாமக்கல்லில் இன்று கெமிஸ்தம் டியூஷன் நடக்கும்.

சேலம் சங்கம் தோன்றிய அதே 1916இல்தான் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் இரண்டு வித்து. ஒன்று, சமஸ்கிருதத்தின் துணையோடு பாரதம் முழுக்கப் பொதுவான பரிபாஷை. மற்றொன்று, தமிழ் தன் வேரிலிருந்தே எதையும் முளைக்க வைக்கும் என்பது. அடுத்த முப்பது ஆண்டுச் சண்டைக்கு அந்த ஆண்டே கொடி நட்டுவிட்டது. 1936இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடி, அதன் பயனாக 1938இல் பத்தாயிரம் சொற்கள் அளவில் கலைச்சொல் தொகுதி வந்தது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். விரிவாகச் சொன்னால் யார் எந்தக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார் என்ற பட்டியலாகிவிடும். விடுவோம்.

இதற்கிடையில் சாஸ்திரத்தை ஓரங்கட்டிவிட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது ‘விஞ்ஞானம்’. வடக்கே விக்ஞான், கன்னடத்தில் விஞ்ஞான, தெலுங்கில் விஞ்ஞான சாஸ்திரம் என்று அக்கம்பக்கமெல்லாம் வழங்கிய சொல். ஞானத்துக்கு முன்னால் ‘வி’ சேர்ந்தால் வேறுபடுத்தி அறிதல். சமஸ்கிருத அகராதியான அமரகோசமே இரண்டையும் பிரிக்கிறது. மோட்சத்தைப் பற்றிய அறிவு ஞானம், சிற்பம், சாஸ்திரம் போன்றவற்றைப் பற்றியது விஞ்ஞானம் என்கிறது. ஆகவே சயின்ஸுக்கு அதைத் தேர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. வேரில் ஸ்கீரேக்கும் இதுவே மிக நெருங்கி வருகிறது. என் கணிப்பில் பொருள் பொருத்தத்துக்கு மட்டும் மார்க் போட்டால் விஞ்ஞானத்துக்குத்தான் முதலிடம்.

ஆனால் தமிழ் இந்தச் சொல்லை இதற்கு முன்பே ஒருமுறை சந்தித்து, வெளியிலேயே நிறுத்தி மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறது. பௌத்தத்தில் விஞ்ஞானம் என்பது பன்னிரு சார்புகளில் ஒன்று. மணிமேகலை அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகத் தமிழில் சொல்லும்போது அவித்தையைப் ‘பேதைமை’ என்றும் விஞ்ஞானத்தை ‘உணர்வு’ என்றும் வைத்தது. குழு இல்லை, அரசாணை இல்லை, ஒரு புலவர் செய்த வேலை. இன்றைக்கும் படித்தால் உறுத்தவில்லை.

மறுபடியும் சேலம். 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சி சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அந்த இயக்கத்தின் மூலச்சொல் ‘பகுத்தறிவு’. பெரியார் 1934இலேயே அந்தப் பெயரில் பத்திரிகை நடத்தியவர். ‘பகு’ என்றால் பிரி, வகிர். பகுத்து அறிவது பகுத்தறிவு. லத்தீன் ஸ்கீரேயின் அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் ‘வெட்டிப் பிரித்தல்’ இங்கே தமிழில் வெளிப்படையாகவே நிற்கிறது. லத்தீன் வேரைத் தேடிப்பிடித்து யாரும் இதைச் செய்யவில்லை. எந்த மக்களும் அறிவு என்றவுடன் அரிசியையும் கல்லையும் பிரிக்கும் முறத்தைப்போல ஒன்றைத்தான் நினைத்துக்கொள்வார்கள்போலும். வெறும் சொல்லாய்வுக் கண்ணால் பார்த்தால் சயின்ஸுக்குப் பகுத்தறிவு என்றே பெயர் வைத்திருக்கலாம். வைக்க முடியாமல் போனதற்குக் காரணம், அது மேடையேறிவிட்டது. கடவுள் மறுப்போடு ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லை எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பாடத்துக்குப் பெயராக்க எந்த அரசும் தயங்கும்.

அதே 1944இல்தான் தேவநேயப் பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரிக்குத் தமிழ் கற்பிக்க வந்தார். 1956 வரை சேலத்தில் இருந்தார். அங்கே அவரிடம் படித்தவர் சேலம் மாவட்டத்துச் சமுத்திரம் ஊரில் பிறந்த பெருஞ்சித்திரனார். சொல்லாராய்ச்சி என்ற துறைக்கே தமிழில் முகமாகிவிட்டவர் பாவாணர். உலக மொழிகளின் சொற்களுக்கும் தமிழில் வேர் காட்டினார். ஆங்கிலத்தின் ‘கென்’ என்ற சொல்லுக்கும் நம் ‘காண்’ என்பதற்கும் ஒலியொற்றுமை பளிச்சென்று தெரியும். அவர் வழியில் வருகிறவர்களுக்கு அதைப் பிடித்துக்கொள்ள ஆசை வரும். வரலாற்று மொழியியலார் இத்தகைய உறவுகளை ஏற்பதில்லை, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஒன்றில் பாவாணருக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது. தமிழ்ச்சொல் தானே குட்டிபோடும் என்ற தெம்பை ஒரு தலைமுறை ஆசிரியர்களுக்கு அவர் ஊட்டினார். அந்தத் தெம்பு இல்லாமல் ‘அறிவியல்’ வென்றிருக்காது.

‘அறி’ பழைய வேர். தெலுங்கில் ‘எறுகு’, கன்னடத்தில் ‘அறி’ என்று இனமெல்லாம் பரவியது. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும் இடத்தில் அறிவு என்பது தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல், பிறகு மனம். புலன்வழி வருவதே அறிவு. சோதனை வழியே உண்மை தேடும் துறைக்கு இதைவிடப் பழைய, இதைவிடப் பொருத்தமான அஸ்திவாரம் கிடைக்காது என்று சொல்லத் தோன்றும். சிக்கல் வேறு இடத்தில். பேச்சுத்தமிழில் அறி என்ற வினை ஏறக்குறையச் செத்துவிட்டது. மலையாளி இன்றும் ‘அறியாம்’ என்கிறான். சேலத்தான் “தெரியுமுங்க” என்கிறான். ‘அறிவு’ மட்டும் தெருவில் உயிரோடு இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் திட்டுவதற்கு. வண்டியைக் குறுக்கே விட்டவனைப் பார்த்து “அறிவிருக்கா?” என்று கேட்பதுதான் நாம் அன்றாடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் இடம்.

பின் எதனால் வென்றது? வாலினால். ‘இயல்’ என்ற வால். தொல்காப்பியத்தின் அதிகாரங்களுக்குள் அத்தியாயப் பெயராக இருந்த இயல், 20ஆம் நூற்றாண்டில் துறைப்பெயர் விகுதியாக எடுக்கப்பட்டது. பௌதிகம் இயற்பியல் ஆயிற்று, ரசாயனம் வேதியியல் ஆயிற்று, உயிரியல், உளவியல், பொருளியல், மொழியியல் என்று வரிசைகட்டி வந்தன. குடும்பம் முழுவதும் ஒரே இன்ஷியல் போட்டபிறகு தலைமகன் மட்டும் விஞ்ஞானம் என்ற வேறு பெயரில் நிற்க முடியவில்லை. பொருளில் விஞ்ஞானம்தான் கூர்மை. அறிவியல் என்பதோ விரிந்த சொல், இலக்கணமும் இசையும்கூட அறிவுதானே என்று கேட்டால் பதில் இல்லை. லத்தீன் ஸ்கியென்டியாவுக்கும் அதே விரிவு இருந்தது, அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். சொற்களின் போட்டியில் துல்லியத்துக்குப் பரிசு கிடையாது. எது எளிதாகப் பிள்ளை பெறுகிறதோ அது நிற்கும்.

தோற்ற சொற்களும் முழுதாகப் போய்விடவில்லை. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் விஞ்ஞானம்தான் படிக்கிறார்கள். அங்கே பௌதிகவியல், இரசாயனவியல் என்று பழைய தலையும் புதிய வாலுமாக ஒரு சமரசம். தமிழ்நாட்டிலும் ஆள் என்று வரும்போது விஞ்ஞானியை அசைக்க முடியவில்லை. ‘அறிவியலாளர்’ எழுத்தில் உண்டு. செய்தித்தாள் தலைப்பில் இஸ்ரோ விஞ்ஞானிகள்தான் ராக்கெட் விடுகிறார்கள். அரசியல் மேடையில் ‘விஞ்ஞான ஊழல்’ என்பார்கள். ‘அறிவியல் ஊழல்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாமர்த்தியம், தந்திரம், கண்டுபிடிக்க முடியாத நேர்த்தி என்ற சாயல் விஞ்ஞானத்தில் ஏறியிருக்கிறது. பாடப்புத்தகச் சொல்லுக்கு அந்தக் கெட்டபெயர் இன்னும் வரவில்லை.

இன்னொரு எச்சம் ‘கலை’. பரிபாஷை என்பதற்குத் தமிழாகக் ‘கலைச்சொல்’ வந்த காலத்தில் கலைக்குள் சயின்ஸும் அடக்கம். கோவையில் ஜி.ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ நாட்டியப் பத்திரிகை இல்லை, விஞ்ஞானப் பத்திரிகை. ஈரோட்டுப் பக்கத்துப் பெ. தூரன் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘கலைக்களஞ்சிய’த்தில் அணுவும் உண்டு, ஆலாபனையும் உண்டு. இன்று சேலம், நாமக்கல் சாலைகளில் பத்து மைலுக்கு ஒன்றாக நிற்கும் வளைவுகளில் ‘கலை மற்றும் அறிவியல் கல்லூரி’ என்று இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அதன் உள்ளே நடக்கும் வேதியியல் வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பவை என்னவோ கலைச்சொற்களே.

இவ்வளவும் புத்தகத்து வழக்கு. பாரதியின் அளவுகோலை எடுத்துக்கொண்டு இந்தச் சமவெளியின் பண்ணைக்கும் ஆலைக்கும் போனால் அங்கே வேறொரு பரிபாஷைச் சங்கம் சந்தடியில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

நாமக்கல் கோழிக்காரர்களைப் பலமுறை கலங்கடித்த ஒரு வைரஸ் நோய்க்கு ஆங்கிலத்தில் நியூகாசில் என்று பெயர். 1926இல் அந்த ஊரில் கண்டதால். இந்தியாவில் குமாவோன் மலையில் உள்ள ராணிக்கேட்டில் கண்டதால் இங்கே ராணிக்கேட். இரண்டும் ஊர்ப்பெயர்கள், கோழிக்கு என்ன ஆகிறது என்று இரண்டும் சொல்வதில்லை. கொங்கு நாட்டு ஆத்தாமார் அதற்கு வைத்த பெயர் ‘வெள்ளைக்கழிச்சல்’. எச்சத்தைப் பார்த்து வைத்த பெயர், அடையாளமே பெயர். நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. மருத்துவர்களும் துண்டறிக்கையில் வெள்ளைக்கழிச்சல் என்றே அச்சிடுகிறார்கள். கீழிருந்து மேலே ஏறிய சொல். நிலையைச் சொல்லத் தமிழ்தான் வேண்டும் என்ற பாரதி கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு, ஜவ்வரிசி ஆலையில். மற்ற ஊரில் மரவள்ளி எனப்படுவது இங்கே குச்சிக்கிழங்கு. லோடு வந்து இறங்கியதும் ஆலையில் முதலில் பார்ப்பது ‘பாயிண்ட்’. கிழங்கில் நூற்றுக்கு எத்தனை பங்கு மாவுச்சத்து என்பதே பாயிண்ட். விலை அதன்மேல் கட்டப்படுகிறது. மாவு மிகுந்த கிழங்கு கனம் கூடியது, தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுத்தாலும் எடை தூக்கலாகக் காட்டும். அந்த எடையை வைத்துப் பாயிண்டைக் கணிப்பதுதான் முறை. அடிப்படையில் ஆர்க்கிமிடீஸ் செய்த அதே காரியம். குணத்தைக் குறிக்கும் சொல் ஆங்கிலம், பாரதி விதிப்படி குற்றம். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வினையெல்லாம் சுத்தமான கொங்குத்தமிழ். பாயிண்ட் பார்க்கிறார்கள், பாயிண்ட் நிற்கிறது, பாயிண்ட் ஏறுகிறது. “காஞ்சு கெடந்துட்டு மழ பேஞ்சா மறுக்காத் துளுத்துக்கும், பாயிண்ட் எறங்கிருமுங்க” என்று ஒரு விவசாயி சொன்னால் அதில் தாவர உடலியலும் இயற்பியலும் வியாபாரமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆலை மெஷினை நம்பாமல் அரசு மெஷினில் பாயிண்ட் பார்க்கச் சொல்லி இந்த மாவட்டங்களில் விவசாயிகள் கோரிக்கை வைப்பதும் வழக்கம். அளவையைச் சந்தேகி, மறுபடி அளந்து பார் என்கிறார்கள்.

அந்த விவசாயியின் மகள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதே விஷயத்தை ‘ஒப்படர்த்தி’ என்று படிக்கிறாள். வரையறை எழுதினால் இரண்டு மார்க். பாயிண்டும் ஒப்படர்த்தியும் ஒரே வீட்டில், ஒரே லைட்டின் கீழ் உட்கார்ந்திருந்தும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் இருக்கின்றன. பால்மானி வரை சொல்லித்தரும் அந்தப் பாடத்தில், சேலத்துப் பிள்ளைகளுக்காகவாவது ஒரு குச்சிக்கிழங்குப் படம் போட்டிருக்கலாம்.